ஈவாஞ்சலின் திடப்பட்ட வருஷம்

ஃபெயில் என்ற சொல்லை ஒழித்துவிட்ட பள்ளிக்கூடம் ஒன்று தூத்துக்குடியில் இருந்தது. ஆங்கர் பப்ளிக் ஸ்கூல் என்று பெயர். அதன் பிரின்சிபல் முனைவர் தேவபிரசாதம், அந்தச் சொல்லை வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். மோட்டார் கெட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏறாத நாளில்கூட வாட்ச்மேன், "மோட்டார் கொஞ்சம் ஓய்வு எடுக்குது சார்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லை ஒழித்தாயிற்று. கணக்கு வராத பிள்ளைகளை ஒழிக்க முடியவில்லை. அவர்கள் வருஷா வருஷம் வந்துகொண்டேதான் இருந்தார்கள். போதாக்குறைக்கு, ஐந்தாம் வகுப்பில் பிள்ளையை நிறுத்திவைக்கலாம் என்று புதிய விதி ஒன்றும் வந்துவிட்டது. நிறுத்த வேண்டும், ஆனால் ஃபெயில் என்று சொல்லக் கூடாது. பிரின்சிபல் ஒரு மாதம் யோசித்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது சொல் கிடைத்தது. திடப்படுத்தல். கோயில் சொல் என்பதால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்றும் அவர் நினைத்திருக்கலாம்.

மார்ச் மாதக் கடைசியில் ஜெபசுதாவுக்குப் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவள் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் பார்மசிஸ்ட். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"ஈவாஞ்சலின் மதரா? உங்க டாட்டரைத் திடப்படுத்த செலக்ட் பண்ணியிருக்கு மேடம். சனிக்கிழமை காலைல ஹாலுக்கு வந்துருங்க. பேரண்ட்ஸ் ரெண்டு பேரும் வரணும். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

ஜெபசுதா பக்கத்துக் கிறிஸ்தவ ஊரான நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள். நாசரேத்தில் பிறந்தவர்களுக்குத் திடப்படுத்தல் என்றால் ஒன்றே ஒன்றுதான், கோயிலில் நடக்கும் கன்பர்மேஷன். பிள்ளை விவரம் தெரிந்த வயசுக்கு வந்ததும் போதகரிடம் வகுப்புக்குப் போகும். பத்துக் கற்பனைகள் என்ற வேதக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்யும். பிறகு ஒரு நாள் வெள்ளை உடுத்தி முழங்காலில் நிற்கும். பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அன்றைக்குத்தான் முதல் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். வீட்டில் பிரியாணி.

"ஸ்கூல்லயே திடப்படுத்துதாங்களாம்" என்று அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். ஜாய்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.

"பத்து வயசுலயா? எனக்குப் பதினாறு வயசுலல்லா ஆச்சு. அதுவும் ரெண்டாம் தரம். மொத தரம் போதகர் எட்டாவது கற்பனையைக் கேட்டாரு. நான் ஏழாவதை, விபசாரம் செய்யாதிருப்பாயாகன்னு சொல்லிட்டேன். பொம்பளப் பிள்ளைகள்லாம் சிரிச்சிட்டு."

"எல்லாரும் ஒங்கள மாதிரியா? இவள செலக்ட் பண்ணிருக்காங்களாம்."

செலக்ட் என்ற சொல்லைத்தான் அவள் அன்று முழுவதும் வாயில் வைத்திருந்தாள். ஈவாஞ்சலினை அதுவரை யாரும் எதற்கும் செலக்ட் பண்ணியதில்லை. ஆண்டு விழா நடனத்தில் அவள் மரமாக நின்றவள். இரண்டு மரங்களில் பின்னால் இருந்த மரம்.

வெள்ளைத் துணி வாங்கி ஃபிராக் தைத்தார்கள். கவுண்டரில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஜெபசுதா ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்தாள். ஈவா பத்துக் கற்பனைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கப் பழகிவிட்டாள். நாலாம் வகுப்பில் படிக்கும் தங்கை பெர்சிஸ் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தாள்.

சனிக்கிழமை ஹாலில் ஜெபசுதா முன்வரிசையில் உட்கார்ந்தாள். பேராயரைக் காணவில்லை. மற்றப் பிள்ளைகள் யூனிஃபார்மில், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தகப்பனார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பக்தி என்று ஜெபசுதா நினைத்துக்கொண்டாள்.

பிரின்சிபல் மேடை ஏறி மைக்கைத் தட்டினார்.

"அன்பான பெற்றோர்களே. நம்ம ஸ்கூல்ல யாரும் பின்தங்குறதில்லை. ஐந்தாம் வகுப்புதான் சில பிள்ளைகளை விட மாட்டேங்குது. அவ்வளவு பிரியம். துறைமுகத்துல ஒரு கப்பல் கூடுதலா நாலு நாள் நின்னா, அதைக் குறைன்னு சொல்றோமா? சொல்றதில்லை. வாடகை வாங்குறோம். அதே மாதிரி ஒரு பிள்ளை கூடுதலா ஒரு வருஷம் நின்னா, ஸ்கூலுக்கு..." இங்கே கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளைக்கு எவ்வளவு நல்லது!" என்று முடித்தார்.

ஜாய்சன் மனைவியின் பக்கம் சாய்ந்தான். "ஏளா ஜெபா, இது வேற என்னமோ."

ஜெபசுதா அப்போதுதான் மற்றப் பிள்ளைகளின் யூனிஃபார்மைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடியும் அதே வகுப்பு, அதே புத்தகம், அதே டீச்சர். அஸ்திவாரம் திடமாகுது. அதனாலதான் இதுக்குத் திடப்படுத்தல்னு பேரு. சந்தோஷமா திடப்படத் தயாரா இருக்கிற பிள்ளை யாரு? எந்திரிங்க பாப்போம்."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. ஜெபசுதா கையை நீட்டி ஃபிராக்கைப் பிடிப்பதற்குள் ஈவாஞ்சலின் எழுந்துவிட்டாள். அந்த ஹாலில் வெள்ளை உடுத்தியிருந்த ஒரே பிள்ளை அவள்தான்.

"சார், கற்பனை பத்தும் தெரியும் சார். சொல்லட்டுமா?"

பிரின்சிபல் உருகிவிட்டார். "பாருங்க, பாருங்க! இதுதான் ஆட்டிட்யூட்!" மேடைக்கு அழைத்துத் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். முகத்தை மூடியிருந்த தகப்பனார்கூட ஒரு கையால் தொடையில் தட்டினார். சாயங்காலம் அந்தப் படம் பள்ளியின் முகநூல் பக்கத்தில் வந்தது. 'மனமுவந்து திடப்படும் முதல் மாணவி' என்று கீழே எழுதியிருந்தது.

வீடு திரும்பும்போது பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஈவா கேட்டாள்.

"எம்மா, அப்போ நான் ஆறாங்கிளாஸ் போக மாட்டேனா?"

பைக் சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"அப்போ பெர்சிஸும் நானும் ஒரே கிளாஸா?"

*

திங்கட்கிழமை ஜெபசுதா லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அவளைக் கவுன்சிலிங் ரூமில் உட்கார வைத்தார்கள். ஏ.சி. போட்ட அறை. சோபா, டிஷ்யூ பெட்டி, சுவரில் சிரிக்கும் சூரியன். ஒரு பக்கச் சுவர் பிளைவுட். அதற்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு இரைந்துகொண்டிருந்தது.

பிரின்சிபலும் கணக்கு டீச்சர் கிளாடிஸும் வந்தார்கள்.

"சார், அவளுக்குப் பின்னம் மட்டுந்தான் வரலை. மத்ததெல்லாம் ஓரளவு போடுதா."

"மேடம், மார்க்கை மட்டும் பார்த்து முடிவு பண்ற காலம் போயிடுச்சு. நாங்க சயின்டிஃபிக்கா போறோம். திட அளவுகோல்னு ஒண்ணு நானே டெவலப் பண்ணியிருக்கேன். பிள்ளையோட உயரம், எடை, எத்தனை பல் விழுந்திருக்கு, கூடப்பிறந்தவங்க யாரு, பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அப்பா வந்தாரா, வந்தா முழுசா இருந்தாரா. அப்புறம் மார்க்."

"மார்க் கடைசியிலா சார்?"

"இடம் இருந்தா பாப்போம்."

ஈவாவைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஜெஃப்ரி என்ற பையன் ஆறாம் வகுப்புக்குப் போவது ஜெபசுதாவுக்குத் தெரியும். தயங்கித் தயங்கி அதைக் கேட்டாள். பிரின்சிபல் கோபப்படவில்லை. நல்ல கேள்வி என்பதுபோல் தலையாட்டினார்.

"ஜெஃப்ரியை வச்சுப் பார்த்தோம் மேடம். அவனோட முட்டி ஐந்தாம் வகுப்பு டெஸ்க்குக்கு அடியில போக மாட்டேங்குது. உங்க பிள்ளை அச்சா பொருந்துறா."

ஜெபசுதா கிளாடிஸ் பக்கம் திரும்பினாள். "மிஸ், அடுத்த வருஷம் அவளுக்குப் பின்னத்தை எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?"

கிளாடிஸ் பிரின்சிபலைப் பார்த்தாள். "இந்த வருஷம் சொல்லிக் குடுத்த மாதிரிதான்."

"இந்த வருஷம் சொல்லிக் குடுத்தது அவளுக்குப் புரியலையே மிஸ்."

"வேற மாதிரி சொல்லிக் குடுத்தா அது புதுப் பாடம் ஆயிடும் மேடம்" என்றார் பிரின்சிபல். "சுவத்துக்கு ஒரு கோட் பெயின்ட் அடிக்கிறோம். ரெண்டாவது கோட்டுக்கு வேற கலரா அடிப்போம்? அதுவும் போக, உங்க பிள்ளை தானா எந்திரிச்சு நின்ன பிள்ளை. நாங்க கட்டாயப்படுத்தலை."

"அவ கன்பர்மேஷன்னு நெனச்சு நின்னா சார்."

பிரின்சிபல் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"இதுவும் ஒரு கன்பர்மேஷன்தான் மேடம்."

கடைசியாக அவள் மறுதேர்வைப் பற்றிக் கேட்டாள். நிறுத்திவைக்கும் முன் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று விதி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உண்டு. மே மாசம். விதியை நாங்க மீறவே மாட்டோம்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜெபசுதா ஏப்ரல் முழுவதையும் ஓட்டினாள். சாயங்காலங்களில் ஈவாவைக் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டாள். காலாவதியான மாத்திரைகளை எடுத்துப் பாதியாக, காலாக உடைத்துக் காகிதத்தில் பரப்பினாள்.

"காலைல அரை மாத்திரை. ராத்திரி கால் மாத்திரை. மொத்தம் எவ்வளவு முழுங்கிருக்க?"

"ரெண்டு துண்டு."

"துண்டைக் கேக்கலைட்டி. எவ்வளவு மாத்திரை?"

ஈவா விழித்தாள். மறுநாளும் விழித்தாள். ஜெபசுதா ஒரு தடவை கையை ஓங்கிவிட்டாள். கவுண்டருக்கு வெளியே நின்ற நோயாளி ஒருவர், "விடுங்கம்மா, சின்னப் பிள்ளை" என்றார். தெருவில் போகிறவருக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டே அவள் கையை இறக்கினாள்.

எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஈவா அரை மாத்திரையைத் தானாகவே எடுத்து நகத்தால் இரண்டாக உடைத்தாள். மூன்று துண்டுகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"ரெண்டையும் ஒரே அளவுத் துண்டா ஆக்கணும், இல்லையாம்மா? அப்பந்தான் எண்ண முடியும்."

ஜெபசுதா திரும்பி நின்று, அலமாரியில் இல்லாத ஒரு மருந்தை வெகுநேரம் தேடினாள்.

மறுதேர்வில் ஈவா ஐம்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கினாள். ஜெபசுதா இந்த முறை மக்ரூன் பெட்டியோடு பள்ளிக்கே போனாள். பிரின்சிபல் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே விடைத்தாளைப் பார்த்தார்.

"அற்புதம்! திடப்படுத்தல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதுக்குள்ள இவ்வளவு முன்னேற்றம். ஒரு வருஷம் முழுசா பண்ணினா எப்படி இருக்கும்!"

"சார், அவதான் தேறிட்டாளே. ஆறாங்கிளாஸ் போகலாம்லா?"

"மேடம், மறுதேர்வு நடத்தணும்னுதான் விதி. நடத்தியாச்சு."

"அவ தேறலைன்னா என்ன சார் சொல்லிருப்பீங்க?"

"திடப்படுத்தல் தேவைன்னு."

"தேறிட்டா?"

"திடப்படுத்தல் வேலை செய்யுதுன்னு."

ஜெபசுதா பி.ஃபார்ம். படித்தவள். நோயாளி பிழைத்தாலும் எங்கள் மருந்து நல்லது, செத்தாலும் எங்கள் மருந்து நல்லது என்று ஒரு கம்பெனி சொன்னால் அந்தக் கம்பெனியை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அவள் அழுதாள். பிரின்சிபல் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கோங்க. இதுக்குன்னே பட்ஜெட் போட்டு வச்சிருக்கோம்."

"சார், இவ தங்கச்சியும் அஞ்சாங்கிளாஸ் வாரா சார். அக்காவும் தங்கச்சியும் ஒரே பெஞ்சுல இருந்தா இவ ஒடைஞ்சு போயிருவா சார். இப்பமே சரியா சாப்பிட மாட்டேங்கா."

பிரின்சிபலின் முகம் முதல் தடவையாக மாறியது. "கூடப்பிறந்தவங்க ஒரே வகுப்புலயா? அப்போ அளவுகோல்ல பத்து பாயிண்ட் குறையுமே. இது சீரியஸ் மேட்டர். ஏன் முதல்லயே சொல்லலை?"

ஜெபசுதா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு கதவு திறந்தமாதிரி இருந்தது.

மறுநாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ப்ராப்ளம் சால்வ்டு மேடம். கமிட்டி கூடிப் பேசிட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல இருக்க வேண்டாம். பெர்சிஸை ஐந்தாம் வகுப்பைத் தாண்டி நேரா ஆறாம் வகுப்புல போட்டாச்சு. டபுள் ப்ரமோஷன். கங்கிராட்ஸ்."

ஜாய்சன் கேட்டுவிட்டு, "என்னளா இது? மூத்தவ அஞ்சு. இளையவ ஆறு. அடுத்த வருஷம் என்னைக் கொண்டுபோய் ஒன்னாங்கிளாஸ்ல போடுவாங்களா?" என்றான். சிரிக்க முயன்றான். அது வரவில்லை.

பெர்சிஸ்தான் முதலில் அழுதாள். "எம்மா, எனக்குப் பெரிய வகுத்தலே வராதும்மா. ஆறாங்கிளாஸ்ல என்னைக் கொன்னுருவாங்கம்மா."

ஈவா அழவில்லை. குளிக்கப் போகிறேன் என்று போனாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழியும் சத்தமும் கேட்டது. அதன் பிறகும் அவள் வெளியே வரவில்லை.

ஜாய்சன் வேறு பள்ளிகளில் போய்க் கேட்டான். ஆங்கர் ஸ்கூல் கொடுக்கும் சான்றிதழில் ஐந்தாம் வகுப்பு முடித்ததாக எழுத மாட்டார்கள் என்று தெரிந்ததும், அங்கேயும் ஐந்தாம் வகுப்பில்தான் இடம் என்றார்கள். மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தால் வயசைப் பார்த்து ஆறிலேயே போட்டுவிடுவார்கள் என்று துறைமுகத்தில் ஒருவர் சொன்னார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சாயங்காலம் பேசினார்கள். தமிழ் மீடியம். நாசரேத்தில் இருக்கும் அண்ணன்மார் என்ன சொல்வார்கள் என்று பேசினார்கள். அதோடு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். அதைப் பற்றி இருவருக்குமே பெருமை இல்லை.

*

ஜூன் மாதம் பள்ளி திறக்கக் கொஞ்ச நாளே இருந்தபோது, மருந்துக் கவுண்டருக்கு ஆதிலக்ஷ்மி வந்தாள். ஈவாவோடு படிக்கும் கமலினியின் அம்மா. ஆழ்வார்திருநகரிக்காரர்கள். கணவருக்கு பேங்க் வேலை என்பதால் தூத்துக்குடிக்கு வந்தவர்கள். சீட்டு எதுவும் இல்லாமல் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தலைவலி மாத்திரை கேட்டாள். வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"உங்க சின்னப் பொண்ணு ஆறாம் கிளாஸ் போறாளாமே."

"ஆமாங்க."

"அங்க இடம் இல்லையாம். அதனால எங்க கமலினியை நிறுத்திட்டா."

ஜெபசுதாவுக்குப் புரியவில்லை. கமலினி வகுப்பில் இரண்டாவதோ மூன்றாவதோ வருகிறவள்.

"கமலினியையா? அவ நல்லாப் படிப்பாளே."

"நானும் பிரின்சிபல்கிட்ட அதைத்தான் கேட்டேன். நன்னாப் படிக்கற கொழந்தை இன்னும் திடமாகட்டுமேங்கறார். அப்பறம் உண்மையைச் சொன்னார். ஆறாம் கிளாஸ் ரூம்ல இவ்வளவு பெஞ்சுதான் போட முடியுமாம். யார் மிச்சமோ அவாளைத்தான் கீழ நிறுத்தறா. உங்க சின்னவளுக்கு ஒரு இடம் கொடுத்ததும் ஒரு ஆள் அதிகமாயிடுத்து. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு அளந்தாளாம். ஈவாவுக்கு அடுத்த குட்டை எங்க பொண்ணுதானாம்."

பின்னால் நின்றவர் மருந்துச் சீட்டை நீட்டினார். ஜெபசுதா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பெஞ்சுதான் கொறைச்சல்னா நாம எல்லாருஞ் சேர்ந்து வாங்கிக் குடுக்கலாம்லா?"

"சொன்னேனே. பெஞ்ச் போட இடம் வேணும்னா கவுன்சிலிங் ரூம் சொவத்தை எடுக்கணுமாம். அந்த ரூம் முன்னாடி ஆறாம் கிளாஸோட பாதிதானாம். சொவத்தை எடுத்துட்டா, இப்படி வருத்தப்பட்டுண்டு வர பேரண்ட்ஸை எங்க உக்கார வெக்கறதுன்னு என்னையே கேக்கறார்."

அதைச் சொல்லும்போது ஆதிலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் இதைக் கேக்கலைங்க" என்றாள் ஜெபசுதா. "சத்தியமா கேக்கலை. ரெண்டு பிள்ளையும் ஒரே கிளாஸ்ல வேண்டாம்னுதான் சொன்னேன்."

"கேக்கலைதான். ஆனா வாங்கிண்டேளே."

ஆதிலக்ஷ்மி குரலை உயர்த்தவில்லை. கவுண்டரின் மேல் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். "கமலினி ரெண்டு நாளா எங்களோட பேசலை. நான் உங்களை ஒண்ணும் சொல்ல வரலை. எனக்கு வேற யார்கிட்ட போறதுன்னு தெரியலை. அவ்வளவுதான்."

அன்று ஜெபசுதா வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்குப் போனாள். பெர்சிஸுக்கு டபுள் ப்ரமோஷன் வேண்டாம், அவள் ஐந்தாம் வகுப்பிலேயே படிக்கட்டும் என்றாள்.

"அக்காவும் தங்கையும் ஒரே வகுப்புன்னா உங்களுக்கு ஓகேவா?"

"கமலினி போகட்டும் சார்."

"இதுதான் டீம் ஸ்பிரிட்!" பிரின்சிபல் எழுந்து நின்றுவிட்டார். "உங்களை மாதிரி பேரண்ட்ஸ்தான் இந்தத் திட்டத்தோட பலம். அந்தப் பத்து பாயிண்டுக்கும் ஒரு வழி பண்ணிடலாம். வகுப்புக்குள்ள உறவுமுறை கிடையாதுன்னு ஒரு ரூல் போட்டுடறோம். அக்கா இல்லை, தங்கை இல்லை. ரெண்டு பேரும் மாணவிகள். பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். கூடப்பிறந்தவங்களே இல்லைன்னா அப்புறம் பாயிண்ட் ஏன் குறையுது?"

கிளாடிஸ் மிஸ் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். திடப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பிலிருந்து ஒரு திடத்தோழி உண்டு. பாடம் சரிபார்க்க, வீட்டுப்பாடம் முடித்தாயிற்றா என்று பார்க்க. ஈவாஞ்சலினுக்குப் பெர்சிஸையே போட்டுவிட்டால் வீட்டிலும் கண்காணிப்பு இருக்கும்.

"எக்ஸலன்ட்" என்றார் பிரின்சிபல்.

*

பள்ளி திறந்தது. முதல் நாள் ஹாலில் விழா நடந்தது. திடப்படும் பிள்ளைகளுக்கு நங்கூரம் போட்ட பேட்ஜ் குத்தினார்கள். கமலினி ஆறாம் வகுப்பு வரிசையில் நின்றாள். ஆதிலக்ஷ்மி தூரத்திலிருந்து ஜெபசுதாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். கும்பிடுவதா கையசைப்பதா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது.

ஒரு வாரம் கழித்து ஜெபசுதா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பெர்சிஸின் குரல் கேட்டது.

"ஈவாஞ்சலின், ஹோம்வொர்க்கைக் காட்டு."

ஜெபசுதா செருப்போடு உள்ளே போனாள். "யாருளா அது ஈவாஞ்சலின்? அக்கான்னு வாயில வராதோ?"

பெர்சிஸ் மிரண்டு பார்த்தாள். "பேரைச் சொல்லித்தாம்மா கூப்பிடணும். மிஸ் சொல்லிருக்காங்க."

"அது அங்கன. இது நம்ம வீடு. இங்கன நாந்தான் பிரின்சிபல். கூப்பிடு, அக்கான்னு கூப்பிடு."

பெர்சிஸ் வாயைத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உதடு கோணியது. நேற்று வகுப்பில் தெரியாமல் அக்கா என்று சொல்லிவிட்டதாகவும், கிளாடிஸ் மிஸ் மத்தியானச் சாப்பாட்டு மணி வரை நிற்க வைத்துவிட்டதாகவும், வீட்டிலும் பெயர் சொல்லியே பழக வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு மறந்துவிடும் என்று சொன்னதாகவும் அழுகைக்கு நடுவில் துண்டு துண்டாகச் சொன்னாள்.

ஜெபசுதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். எங்கே உட்கார வைப்பார்கள், எந்த டிஷ்யூ பெட்டியை நகர்த்துவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஈவா எழுந்து வந்து, தன் யூனிஃபார்மின் ஓரத்தால் தங்கையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு தன் நோட்டை விரித்து அவள் முன்னால் நகர்த்தினாள்.

"விடும்மா. நாளைக்கும் மாத்திச் சொல்லிட்டான்னா மறுபடியும் நிக்க வச்சிருவாங்க. இவளுக்குக் கால் வலிக்கும்" என்றாள். பிறகு குனிந்து தங்கையிடம் சொன்னாள்.

"கூப்பிடு பெர்சிஸ். பேரைச் சொல்லியே கூப்பிடு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

பெர்சிஸ் கூப்பிட்டாள்.